மில் ஆபீஸ் மெஷின்கள்ல இருந்து ஜாவாவை எடுத்த விவகாரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையில தலைமை ஆபீஸ், கப்பலூர், வாடிப்பட்டி, மேலூர் பக்கம் யூனிட்டுன்னு அங்கிட்டும் இங்கிட்டுமா பரவிக் கெடக்குற ஒரு நூற்பாலை குரூப், பேரு வேணாம். இருநூத்துச் சொச்சம் விண்டோஸ் மெஷின், எல்லாம் ஒரே டொமைன், அதாவது ஒரே சர்வர் கட்டுப்பாட்டுல. எல்லா மெஷினையும் ஒரே எடத்துல இருந்து மேய்க்குற எஸ்சிசிஎம், இன்ட்யூன் மாதிரி காசு குடுத்து வாங்குற டூல் எதுவும் கெடையாது, இருக்குறது மெஷின், ஆளு கணக்கு வெச்சுக்குற ஆக்டிவ் டைரக்டரி, எல்லா மெஷினுக்கும் செட்டிங் அனுப்புற குரூப் பாலிசி, கமாண்ட் எழுதி ஓட்டுற பவர்ஷெல், அம்புட்டுதான். எங்களுக்கு வந்த வேலை என்னன்னா எல்லா மெஷின்லயும் கெடக்குற ஆரக்கிள் கம்பெனியோட ஜாவாவை (சில சாஃப்ட்வேர் ஓடுறதுக்கு அடியில வேணுங்குறது) எடுக்கணும், ஜாவா நெசமாவே தேவைப்படுற மெஷின்ல மட்டும் டெமுரின்ங்குற, லைசன்ஸ் காசு இல்லாத ஓப்பன்ஜேடிகே ஜாவாவைப் போடணும், யாரும் எந்த மெஷின் முன்னாடியும் உக்காந்து நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கக் கூடாது.

ஏன் திடீர்னு இந்த அவசரம்னா லைசன்ஸ்தான். ஜாவா 8-ல 2019 ஜனவரியில வந்த அப்டேட் 202 வரைக்கும் பழைய லைசன்ஸ்ல ஆபீஸ்ல ஓட்டிக்கலாம், 2019 ஏப்ரல்ல வந்த 211-ல இருந்து கம்பெனி உபயோகத்துக்கு சந்தா கட்டணும், வீட்ல சொந்த உபயோகத்துக்கு மட்டும் சும்மா. அதுக்கு மேல 2023 ஜனவரியில ஆரக்கிள் எண்ணுற முறையையே மாத்திட்டாங்க, ஜாவா ஓடுற மெஷினை எண்ணாம கம்பெனியோட மொத்த ஊழியர்களை எண்ணுறது, பார்ட் டைம், டெம்பரவரி, கான்ட்ராக்ட் ஆளுகளும் அந்தக் கணக்குல வருவாங்க. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இது பெரிய வித்தியாசமா தெரியாது, ஆளுக்கொரு மெஷின் இருக்கும். மில்லை யோசிச்சுப் பாருங்க, மூணு ஷிஃப்டுல ஸ்பின்னிங்ல நிக்குற ஜனம் ஒரு கம்ப்யூட்டர் முன்னாடியும் உக்காந்ததில்ல, ஆனா கணக்குல அவங்களும் ஒரு தலை. ஆடிட்டர் இதை எடுத்துச் சொன்னதும் முதலாளி கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு, "நம்மகிட்ட இது எத்தனை மெஷின்ல இருக்கு?" யாருகிட்டயும் பதில் இல்ல. 202-ல நின்னிருக்க வேண்டிய மெஷினெல்லாம், கீழ மூலையில அப்டேட் கேட்டப்பல்லாம் யாராச்சும் யெஸ் அமுக்கி அமுக்கி எங்கேயோ போயிருந்துச்சு.

மொத முயற்சி, நாங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி நடந்தது

ஏஎம்சி, அதாவது வருஷ மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட், பாக்குற ஒரு பார்ட்டி நெட்ல கெடைக்குற ஒரு வரி கமாண்டை எல்லா மெஷினுக்கும் ரிமோட்டா அனுப்பிருக்காங்க. டபிள்யூஎம்ஐசி-ங்குற விண்டோஸ் கமாண்ட் டூல்ல ப்ராடக்ட் பேரு ஜாவான்னு ஆரம்பிச்சா அன்இன்ஸ்டால் பண்ணுங்குற கமாண்ட், பாத்துருப்பீங்க, எல்லா எடத்துலயும் இதைத்தான் சொல்லிக் குடுக்குறாங்க. மறுநாள் காலையில கப்பலூர் டிஸ்பாட்ச்ல இன்வாய்ஸ் போடுற ஈஆர்பி சாஃப்ட்வேர் தெறக்கல, வாடிப்பட்டியில தெறக்கல, லாரி லோடு ஏத்தி நிக்குது, இன்வாய்ஸ் போட முடியல. ஜாவாவுக்கும் அந்த ஈஆர்பிக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாதுங்குறதுதான் இதுல வேடிக்கை.

நடந்தது இதுதான். அந்தக் கமாண்ட் உள்ளுக்குள்ள கூப்புடுறது வின்32 ப்ராடக்ட்ங்குற கிளாஸை. அதைக் கேட்டா விண்டோஸ் இன்ஸ்டாலர் சும்மா லிஸ்ட்டை மட்டும் குடுக்காது, மெஷின்ல எம்எஸ்ஐ-ங்குற விண்டோஸ் இன்ஸ்டால் ஃபைல் வழியா வந்த ஒவ்வொரு பேக்கேஜையும் போட்டது போட்டபடி இருக்கான்னு செக் பண்ணும், மாறியிருக்குன்னு தோணுனா அதுவே ரிப்பேரும் பண்ணிரும். ஈஆர்பி கிளையன்ட் எம்எஸ்ஐயா வந்தது, சர்வர் அட்ரஸை, விண்டோஸ் செட்டிங்கெல்லாம் இருக்குற ரெஜிஸ்ட்ரியில வெச்சிருந்துச்சு, பேக்கேஜ் உள்ள இருந்தது பழைய சர்வர், புது சர்வர் வந்தப்ப சப்போர்ட் ஆளு ஒவ்வொரு மெஷினா கையால மாத்திருக்காரு. ரிப்பேர் வந்து பழையதை உக்கார வெச்சிருச்சு. ஈவென்ட் வியூவர்ல அப்ளிகேஷன் லாக்கைத் தெறந்தா 1035-ங்குற ஈவென்ட் வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணும் ஒரு சாஃப்ட்வேரை ரீகான்ஃபிகர் பண்ணேன்னு சொல்லுது. லிஸ்ட் கேக்குற கமாண்ட் மெஷினை மாத்தும்னு யாருக்குத் தோணும்? எனக்குக் கேட்டா இந்த கிளாஸை எந்த ஸ்கிரிப்ட்ல பாத்தாலும் அந்த ஸ்கிரிப்டை அங்கயே மூடி வெச்சிரணும். டபிள்யூஎம்ஐசியையே மைக்ரோசாஃப்ட் 2021-ல இருந்து ஓரங்கட்டிட்டு வர்றாங்க, இன்னும் புது ஸ்கிரிப்ட்ல அதைப் போட்டு எழுதுறது எதுக்குன்னு தெரியல.

எண்ணுனது

எடுக்குறதுக்கு முன்னாடி எண்ணணும். ரெஜிஸ்ட்ரியில அன்இன்ஸ்டால் கீ ரெண்டு எடத்துல இருக்கும், 64 பிட்டுக்கு ஒண்ணு, வாவ்6432நோட்-க்குள்ள 32 பிட்டுக்கு ஒண்ணு, ரெண்டையும் படிக்கணும். பவர்ஷெல்லையே 32 பிட்டா ஓட்டிட்டா ஒண்ணுதான் தெரியும், அதையும் பாத்துக்கணும். படிக்கிறது மட்டும்தான் இங்க, எதையும் தொடல. பேரை வெச்சுத் தேடல, ஏன்னா ஜாவாங்குற எழுத்து வேற கம்பெனி சாஃப்ட்வேர் பேருலயும் வரும். ஜாவா 8-ல மூணு இலக்க அப்டேட்டுகளோட ப்ராடக்ட் கோடுல (விண்டோஸ் ஒவ்வொரு ப்ராடக்டையும் அடையாளம் பாக்குற தனி எண்) ஒரு ஒழுங்கு இருக்கு, பெரும்பாலும் 26ஏ24ஏஇ4-ன்னு ஆரம்பிக்கும், கடைசித் துண்டு 2எஃப்32180-ன்னு இருந்தா 32 பிட், 2எஃப்64180-ன்னு இருந்தா 64 பிட், அடுத்து வர்ற மூணு எண் அப்டேட் நம்பர். அதாவது 211-க்கு 32 பிட்னா 2எஃப்32180211எஃப்0. இதை வெச்சு தேடுனா வேற எதுவும் மாட்டாது.

ஒவ்வொரு மெஷினும் தன் பேருல ஒரு சின்ன ஃபைலை சர்வர் ஷேர்ல எழுதிட்டுப் போற மாதிரி வெச்சோம், அதைச் சேத்தா மொத்த படமும் கெடைச்சிருச்சு. சில மெஷின்ல நாலஞ்சு வெர்ஷன் ஒண்ணு மேல ஒண்ணா கெடந்துச்சு, சிலதுல 7 கூட இருந்துச்சு. இது போக ரெஜிஸ்ட்ரியிலயே வராத ஜாவாவும் உண்டு, வேற சாஃப்ட்வேர் தன் ஃபோல்டருக்குள்ளயே ஒரு ஜேஆர்இ-யை, அதாவது ஜாவாவை ஓட்டுற பகுதியைக் கொண்டுவந்து வெச்சிருக்கும். ஜாவா.இஎக்ஸ்இ ஃபைலைத் தேடுனாத்தான் சிக்கும். அதை நாம எடுத்தா அந்த சாஃப்ட்வேர் செத்துரும், அதனால தொடாம தனி லிஸ்ட் போட்டு அந்தந்த வெண்டாருகிட்ட லைசன்ஸ் யாரு பொறுப்புன்னு எழுதிக் கேக்கச் சொன்னோம்.

அடுத்தது யாருக்கு வேணும்ங்குறது. இதை ஸ்கிரிப்ட் சொல்லாது, போய் ஆளுகளைத்தான் கேக்கணும். அக்கவுண்ட்ஸ் அக்கா மொதல்லயே கண்டிஷன் போட்டாங்க. "தம்பி, டெண்டர் கடைசி நாள்ல டோக்கன் கையெழுத்து ஓடலைன்னா நான் உன்னையத்தான் கூப்புடுவேன், ராத்திரின்னு பாக்க மாட்டேன்." டிஜிட்டல் சிக்னேச்சர் யூஎஸ்பி டோக்கனுக்கு ஜாவாவுல ஓடுற ஒரு குட்டி சாஃப்ட்வேர் வேணும். டைம் ஆபீஸ்ல ஒரு பழைய அப்ளிகேஷன் ஜாவா வெப் ஸ்டார்ட்ல, அதாவது ஒரு லிங்க்ல இருந்து ஜாவா அப்ளிகேஷனை ஓட்டுற வழியில தெறக்குறது. எஸ்க்யூசி லேப்ல, அதாவது தரம் பாக்குற லேப்ல, நூல் டெஸ்டிங் மெஷினோட ரிப்போர்ட் பாக்குற பிசி. அம்புட்டுதான், மத்த மெஷினுக்கெல்லாம் ஜாவா என்னைக்கோ யாரோ எதுக்கோ போட்டது.

எடுக்குறது

பந்தி பரிமாற ஆளு ஓடி ஓடி வரும், இலை எடுக்கத்தான் ஆளத் தேடணும். சாஃப்ட்வேர்லயும் அப்படித்தான், போடுறதுக்கு வெண்டார் பக்கம் பக்கமா எழுதி வெச்சிருப்பான், எடுக்குறதுக்கு ஒரு வரி இருந்தா அதிர்ஷ்டம்.

ஜாவா எம்எஸ்ஐயா இருக்குறது நல்லதாப் போச்சு. எம்எஸ்ஐஎக்ஸெக், /எக்ஸ், ப்ராடக்ட் கோடு, /க்யூஎன், /நோரீஸ்டார்ட், அதோட /எல்*வி போட்டு முழு லாக். இந்த லாக்கை எழுதாம ஓட்டுனா பின்னால வருத்தப்படணும். அன்இன்ஸ்டால்ஸ்ட்ரிங்-ல இருக்குறதை அப்படியே எடுத்து ஓட்டுறது ஒரு பழக்கம், நெறைய சாஃப்ட்வேருக்கு அதுல /எக்ஸ்-க்குப் பதிலா /ஐ-ன்னு இருக்கும், அது ரிப்பேர் பண்ணவா எடுக்கவான்னு ஸ்கிரீன் போட்டுக் கேக்குற வழி, அதனால கோடை மட்டும் எடுத்துட்டு கமாண்டை நாமளே கட்டிக்கணும். அதுக்கு முன்னாடி ஓடிக்கிட்டிருக்குற ஜாவா, ஜாவாடபிள்யூ, அப்டேட் பாக்குற ஜூஷெட், எல்லாத்தையும் நிறுத்திரணும்.

திரும்பி வர்ற எண்ணைப் படிக்கிறதுதான் பாதி வேலை. 0 வந்தா முடிஞ்சுது. 3010 வந்தாலும் முடிஞ்சுது, ஆனா ரீஸ்டார்ட் வேணும். 1605 வந்தா அந்த ப்ராடக்ட் இந்த மெஷின்லயே இல்லைன்னு அர்த்தம், எடுக்க வந்த நமக்கு அதுவும் வெற்றிதான், இதை ஃபெயில்னு எழுதுற ஸ்கிரிப்டை நெறையப் பாத்திருக்கேன். 1618 வந்தா வேற ஒரு இன்ஸ்டால் ஓடிக்கிட்டிருக்கு, காத்திருந்து திரும்பப் போகணும். 1603 வந்தா கோளாறு, என்ன கோளாறுன்னு அது சொல்லாது, லாக்கைத் தெறந்து ரிட்டர்ன் வேல்யூ 3-ன்னு தேடி அதுக்கு மேல இருக்குற வரிகளைப் படிக்கணும், பெரும்பாலும் விஷயம் அங்க இருக்கும்.

எங்களை ரொம்ப இழுத்தது 1612. பழைய பேக்கேஜைக் காணோம்ங்குற எண்ணு. எம்எஸ்ஐ போடுறப்ப அதோட ஒரு நகலை விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இன்ஸ்டாலர்ங்குற மறைஞ்ச ஃபோல்டர்ல வெச்சுக்கும், எடுக்குறப்ப அதைத்தான் படிக்கும். மேலூர் யூனிட்ல சின்ன எஸ்எஸ்டி போட்ட மெஷின்ல எடம் பத்தலைன்னு யாரோ அந்த ஃபோல்டரைக் காலி பண்ணிட்டாங்க. மெஷின் நல்லாத்தான் ஓடும், ஒரு குறையும் தெரியாது, எடுக்கப் போறப்பதான் பல்லைக் காட்டும். அதே வெர்ஷனோட அசல் எம்எஸ்ஐயைக் கொண்டுவந்து /எஃப்வி போட்டு மறுபடியும் நகலை வெக்கச் சொல்லி, அப்புறம் /எக்ஸ் போட்டா போயிரும். அசல் எம்எஸ்ஐக்கு எங்க போறதுன்னா, அதே வெர்ஷனோட ஆஃப்லைன் இன்ஸ்டாலரை ஒரு டெஸ்ட் மெஷின்ல தெறந்து வெச்சா யூசரோட ஆப்டேட்டா லோக்கல்லோ-க்குள்ள ஆரக்கிள் ஜாவா ஃபோல்டர்ல பிரிச்சுப் போட்டிருக்கும், அங்க இருந்து எடுத்துக்கலாம். வெர்ஷனுக்கு ஒண்ணா தேடிச் சேத்து வெக்கிறதுலயே நேரம் போயிருச்சு.

எடுத்ததுக்கு அப்புறமும் மிச்சம் இருக்கும். காமன் ஃபைல்ஸ்-க்குள்ள ஆரக்கிள் ஜாவாபாத்-ங்குற ஃபோல்டர், கமாண்டை எங்கெங்க தேடணும்னு விண்டோஸுக்குச் சொல்ற பாத் வேரியபிள்ல அதுக்கு முன்னாடி எடம், இது சில மெஷின்ல அப்படியே நின்னுச்சு. அதனால எண்ணு 0-ன்னு வந்தாலும் நம்பாம, ரெஜிஸ்ட்ரியில கீ போயிருச்சா, ஃபோல்டர் போயிருச்சா, ஜாவா வெர்ஷன் கேட்டா யாரு பதில் சொல்றாங்கன்னு ஸ்கிரிப்ட் திரும்பப் பாத்துதான் முடிஞ்சுதுன்னு எழுதும்.

போடுறது, டோக்கன் சமாச்சாரம்

டெமுரின் எம்எஸ்ஐ தானா போடுறதுக்குத் தோதாத்தான் செஞ்சிருக்காங்க. ஆட்லோக்கல்-ங்குற ப்ராப்பர்ட்டியில எந்தெந்த ஃபீச்சர் வேணும்னு சொல்லிரலாம். இதுல கவனிக்க வேண்டியது, ஃபீச்சர்மெயின்ல இருந்து எல்லாத்தையும் நாமளே எழுதணும், ஒண்ணைக் குடுத்துட்டா மத்ததெல்லாம் வராது, எழுத்து பெருசு சிறுசு மாறுனாலும் ஏத்துக்காது. எங்களுக்கு ஃபீச்சர் ஆரக்கிள்ஜாவாசாஃப்ட்-ங்குறது ரொம்ப முக்கியம். நெறைய பழைய சாஃப்ட்வேர் ஜாவா எங்க இருக்குன்னு ரெஜிஸ்ட்ரியில ஜாவாசாஃப்ட்-ங்குற கீயைத்தான் போய்ப் பாக்கும், டெமுரின் சாதாரணமா அதை எழுதாது, இந்த ஃபீச்சரைக் கேட்டாத்தான் எழுதும். வரிசையும் மொதல்ல எடு, அப்புறம் போடு, தலைகீழாப் பண்ணா ஆரக்கிள் போறப்ப அந்தக் கீயையும் ஜார் ஃபைல் அசோசியேஷனையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்.

டோக்கன் இருக்குற மெஷின்ல 64 பிட் போட்டுப் பாத்தா டோக்கன் தெரியல. டிரைவரோட டிஎல்எல், அதாவது வேற ப்ரோக்ராம் தனக்குள்ள ஏத்திக்குற ஃபைல், 32 பிட்டுல மட்டும்தான் இருந்துச்சு, 64 பிட் ஜாவா ப்ராசஸுக்குள்ள 32 பிட் டிஎல்எல் ஏறவே ஏறாது. டெமுரின் 8-க்கு 32 பிட் பில்டும் வருது, அதை அந்த மெஷின்களுக்கு மட்டும்.

அதோட டோக்கன் டிரைவரையும் புதுசாக்கிரலாம்னு எறங்குனோம், அங்கதான் சரியான கூத்து. பழைய டிரைவரோட அன்இன்ஸ்டாலர் என்எஸ்ஐஎஸ்-ங்குற இன்ஸ்டாலர் செய்யிற டூல்ல செஞ்சது, /எஸ் போடணும், பெரிய எஸ், சின்ன எஸ் போட்டா ஸ்கிரீன் வந்து நிக்கும். போட்டா உடனே முடிஞ்சுதுன்னு வந்துருது, ஆனா முடியல, அது தன்னை டெம்ப் ஃபோல்டருக்கு நகல் எடுத்து அங்கிருந்து வேலையை ஓட்டிக்கிட்டு அசல் ப்ராசஸை முடிச்சுக்குது, நம்ம ஸ்கிரிப்ட் அடுத்ததைப் போட ஆரம்பிச்சா ரெண்டும் மோதுது. அன்இன்ஸ்டாலர் கமாண்டோட கடைசியில, அண்டர்ஸ்கோர், கேள்விக்குறி, சமக்குறி மூணையும் சேத்து எழுதி, அது இருக்குற ஃபோல்டர் பாத்தைக் குடுத்தா நகல் எடுக்காம அங்கயே ஓடி முடிக்கும், மேற்கோள் குறி போடக் கூடாது, ஸ்கிரிப்டும் காத்திருக்கும்.

புது டிரைவர் போடுறப்ப தொங்கிருச்சு. டாஸ்க் மேனேஜர்ல ப்ராசஸ் உக்காந்திருக்கு, சிபியு ஒண்ணும் எடுக்கல, ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்ல. சிஸ்டம் அக்கவுண்ட்ல ஓடுற எதுவும் விஸ்டாவுல இருந்து செஷன் 0-ல தனியா ஓடும், அது ஒரு கேள்வி கேட்டா அந்த டயலாக் அங்கதான் வரும், மெஷின் முன்னாடி உக்காந்திருக்குற ஆளு கண்ணுக்குப் படாது, பதில் சொல்ல ஆளில்லாம காலகாலத்துக்கும் காத்துக்கிட்டிருக்கும். இங்க கேட்டது இந்த டிவைஸ் சாஃப்ட்வேரை நம்பலாமாங்குற விண்டோஸோட கேள்வி. அதே இன்ஸ்டாலரை ஒரு மெஷின்ல கையால ஓட்டிப் பாத்தாத்தான் இது தெரிய வந்துச்சு. டிரைவர்ல கையெழுத்துப் போட்ட பப்ளிஷரோட சர்டிஃபிகேட்டைக் குரூப் பாலிசி வழியா டிரஸ்டட் பப்ளிஷர்ஸ்ல மொதல்லயே வெச்சிட்டோம், கேள்வியே வரல. இன்னொண்ணும் சேத்தோம், எந்த இன்ஸ்டாலரா இருந்தாலும் குறிச்ச நேரத்துக்குள்ள முடியலைன்னா நிறுத்திட்டு தொங்கிருச்சுன்னு எழுதிட்டு வெளிய வரணும்.

டைம் ஆபீஸ் அப்ளிகேஷனுக்கு டெமுரின்ல வெப் ஸ்டார்ட் கெடையாது, அதுக்கு ஓப்பன்வெப்ஸ்டார்ட் போட்டோம். அந்த இன்ஸ்டாலர் இன்ஸ்டால்4ஜே-ங்குற இன்னொரு டூல்ல செஞ்சது, ஒரு தடவை கையால போட்டா பதில்களை ஒரு ஃபைல்ல எழுதி வெக்கும், அந்த ஃபைலைக் குடுத்து -க்யூ போட்டா மத்த மெஷின்ல கேள்வி கேக்காது. ஒரு பிரச்சனையும் பண்ணல.

கொண்டுபோய்ச் சேக்குறது

மொதல்ல குரூப் பாலிசி ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டுன்னுதான் பிளான். தலைமை ஆபீஸ்ல டெஸ்ட் பண்ண மெஷின்ல நல்லா ஓடுச்சு, யூனிட்ல பாதி மெஷின்ல ஓடவே இல்ல. காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 10-ல ஷட்டவுன் குடுத்தா முழுசா நிக்காது, கெர்னலைத் தூங்க வெச்சிட்டு மறுநாள் எழுப்பும், அதை விண்டோஸ் புது பூட்டுன்னு எடுத்துக்காததால ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் ஓடாமப் போகும், ரீஸ்டார்ட் குடுத்தாத்தான் ஓடும். 3010 வந்த மெஷினுக்கும் இதே கதைதான், பயன்படுத்துறவங்க தெனமும் ஷட்டவுன் பண்ணிட்டுத்தான் போறாங்க, ஆனாலும் ரீஸ்டார்ட் பாக்கின்னே காட்டும். "தெனமும் ஆஃப் பண்ணித்தாண்ணே போறேன்"னு வாடிப்பட்டி டிஸ்பாட்ச் பையன் சத்தியம் பண்ணான், அவன் சொன்னது நெசம். அதோட ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டுக்கு மொத்தமா 10 நிமிஷம்தான் டீஃபால்ட்டா நேரம், நாலு வெர்ஷன் ஜாவாவை எடுக்குற பழைய மெஷினுக்கு அது பத்தாது.

அதனால ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை பாலிசி வழியா நிறுத்திட்டு, வேலையை ஷெட்யூல்டு டாஸ்க்கா மாத்தி, சிஸ்டம் அக்கவுண்ட்ல, நேரம் தவறுனா மெஷின் அடுத்து ஆன் ஆனதும் ஓடுன்னு டிக் போட்டு அனுப்புனோம். சிஸ்டம் அக்கவுண்ட் நெட்வொர்க்ல போறப்ப மெஷினோட பேருலதான் போகும், ஷேர்ல டொமைன் கம்ப்யூட்டர்ஸ்-க்குப் படிக்க அனுமதி குடுக்கலைன்னா கதவு தெறக்காது, யூசர் மேப் பண்ண டிரைவும் அதுக்குத் தெரியாது. யூனிட்டுக்கு யூனிட் ஒரு லோக்கல் ஷேர்ல பேக்கேஜை வெச்சிட்டதால மதுரையில இருந்து லைனை அடைக்கல.

பெரிய ரவுண்டுக்கு சித்திரைத் திருவிழாவைப் பிடிச்சோம். அழகர் ஆத்துல எறங்குற நாள் மதுரை மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, மில் ஓடுனாலும் ஆபீஸ் இருக்காது. மொத நாள் சாயங்காலம் மெஷினை ஆன்லயே விட்டுட்டுப் போங்கன்னு எல்லா யூனிட்டுக்கும் சொல்லியாச்சு. மேலூர்ல எலக்ட்ரீஷியன் அண்ணன் வழக்கம்போல ஆபீஸ் பக்கம் யூபிஎஸ்ஸை மொத்தமா அணைச்சிட்டுப் போயிட்டாரு, அவருகிட்ட யாரும் சொல்லல. அந்த டிக்குதான் காப்பாத்துச்சு, லீவு முடிஞ்சு ஆன் பண்ணதும் ஓடுச்சு, காலையில கொஞ்ச நேரம் மெஷின் மெதுவா இருந்துச்சுன்னு புகார், அவ்வளவுதான்.

விடுமுறை முடிஞ்சு அந்த வாரத்துக்குள்ள பெரும்பான்மை மெஷின் சுத்தம். மிச்சம் நின்னது 1612 மெஷின்களும், யாரும் ஆன் பண்ணாத ரெண்டு மூணு மூலை பிசியும். அக்கவுண்ட்ஸ்ல டோக்கன் மெஷினை மட்டும் இந்த ரவுண்டுல சேக்கல, அடுத்த டெண்டர் போட்டு முடிச்சப்புறம்தான் தொடுவேன்னு அக்காகிட்ட ஒத்துக்கிட்டு, அதே மாதிரி தனியா எடுத்துப் போட்டுக் கையெழுத்து வரைக்கும் கூட உக்காந்து பாத்தோம்.

எஸ்க்யூசி லேப் பிசி இன்னும் அப்படியேதான் இருக்கு. விண்டோஸ் 7, 32 பிட், டெஸ்டிங் மெஷினோட சாஃப்ட்வேர் ஜாவாவோட பாத்தையே உள்ளுக்குள்ள எழுதி வெச்சிருக்கு. அதுல இருந்தது 202-க்கு முந்தின அப்டேட், அதனால நெட்டைத் துண்டிச்சு, அப்டேட்டரை மட்டும் எடுத்துட்டு, ரிப்போர்ட்டை பென் டிரைவ்ல எடுக்குற ஏற்பாடு. மெஷின் சப்ளை பண்ணவங்க புது சாஃப்ட்வேருக்குக் கொட்டேஷன் அனுப்பிருக்காங்க, முதலாளி டேபிள்ல இருக்கு.

டாஸ்க்கை நாங்க எடுக்கல. ஜாவாவுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு வருஷத்துக்கு நாலு தடவை செக்யூரிட்டி அப்டேட் வரும், புது டெமுரின் எம்எஸ்ஐயை ஷேர்ல வெச்சு ஸ்கிரிப்ட்ல வெர்ஷன் நம்பரை மாத்துனா அதே வழியில போயிரும், கூடவே ஆரக்கிள் கோடு எங்கயாச்சும் திரும்ப மொளைச்சிருக்கான்னும் பாத்து எழுதும். போன ரவுண்டுல கப்பலூர்ல ஒண்ணு மொளைச்சிருந்துச்சு, யாரோ புது பிரின்டர் சிடியில இருந்து போட்டிருக்காங்க, ராத்திரியே எடுத்துருச்சு.